மாற்ற வேண்டியதும் மாற்றலாகாததும்
வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புத்துயிர்

பழுதுற்ற பொருளை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வதே அறிவுடைமை என எண்ணும் காலம் இது. கடையிற் புதுப் பொருள் குவிந்து கிடக்கையில் பழையதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பானேன் என்று கேட்போர் பலர். ஆயினும் எறிவதற்கு மனம் வராத பொருள் ஒன்றேனும் இல்லாத குடும்பம் இல்லை. பாட்டனாரின் கைக்கடிகாரம், பாட்டியாரின் தையல் இயந்திரம், தந்தையார் பாட்டுக் கேட்ட வானொலிப் பெட்டி என அவை பலவகைப்படும். விறகுக் கட்டுக்கும் உடைந்த நாற்காலிக்கும் இடையே கொட்டிலிற் சாய்ந்து கிடக்கும் பழைய மோட்டார் சைக்கிளும் அவ்வகையில் ஒன்றே.

மலையும் மழையும் நிறைந்த மாத்தளை மாவட்டத்தில் அப்படி ஒரு வண்டி கிடைத்தால், அதனை வீட்டிலேயே பிரித்து, உதிரிப் பாகங்களைத் தேடிப் பொருத்தி, மீண்டும் ஓடச் செய்யலாமா? செய்யலாம். பொறுமையும், சில கருவிகளும், அளந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும். இவை மூன்றினும் முக்கியமானது வேறொன்று உண்டு. வண்டியில் எதனை மாற்றுவது, எதனை மாற்றாது விடுவது என்னும் தெளிவே அது. எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி பளபளக்கும். ஆனால் பாட்டனாரின் வண்டி அங்கே இராது. ஒன்றையும் மாற்றாது விட்டால் பாட்டனாரின் வண்டி இருக்கும். ஏறிச் சென்ற பேரன் வீடு திரும்புவான் என்னும் உறுதி இராது. இவ்விரண்டுக்கும் இடையே நேரான வழி எது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

மலைக்கு வந்த வண்டிகள்

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 1880ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து புகையிரதப் பாதை மாத்தளைக்கு வந்தது. கோப்பி அழிந்து தேயிலையும் றப்பரும் கொக்கோவும் தழைத்த காலத்தில், வளைந்து நெளிந்து ஏறும் தோட்டப் பாதைகளுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்ற வாகனமாயிற்று. காரிற் செல்பவர் பெரிய துரை. மோட்டார் சைக்கிளிற் சுற்றிப் பார்ப்பவர் சின்னத் துரை என்பது தோட்டப் புறங்களிற் பலரும் கண்ட காட்சி.

அந்நாளில் வந்தவை பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகளே. பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், மச்லஸ், ட்ரையம்ப், றோயல் என்பீல்ட் முதலிய பெயர்களைப் பெரியோர் இன்றும் அன்போடு சொல்லக் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரிலே பீ.எஸ்.ஏ. எம்.20, நோர்ட்டன் 16எச் என்பன போன்ற வண்டிகள் பல்லாயிரக் கணக்கிற் படைகளுக்காகச் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் உலகெங்கும் அவை பொதுமக்கள் கைக்கு மாறின. 1948இல் வெளிவந்த பீ.எஸ்.ஏ. பான்டம் என்னும் சிறு வண்டியோ, தோல்வியுற்ற ஜேர்மனியிடமிருந்து ஈடாகப் பெற்ற டீ.கே.டபிள்யூ. வண்டியின் வரைபடத்தைக் கொண்டே உருவானது.

பின்னர் காலம் மாறிற்று. பீ.எஸ்.ஏ. நிறுவனம் 1973இல் நிலைகுலைந்தது. இலங்கையிலோ 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. அது தளர்ந்த பின் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. ஒரே உதையிற் புறப்படும் அவற்றின் முன்னே பழைய வண்டிகள் கொட்டிலிற் புகுந்தன.

ஆனால் இருப்பதைப் பேணுதலின் அருமையை இந்நாடு மீண்டும் உணர நேர்ந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கிடும் நிலை முதலில் ஏற்பட்டது. தனியார் வாகன இறக்குமதிக்கு வழி திறந்தது 2025இலேதான். புதிது வாராத அவ்வைந்து ஆண்டுகளிற் பழுது பார்க்கத் தெரிந்தவனே பாக்கியவான் என்பதை ஊர் கண்டது.

கருவிக்கு முன்னே ஏடு

வண்டியைக் கண்டதும் ஸ்பெனரைத் தூக்குவது கூடாது. முதலில் எடுக்க வேண்டியது ஒரு கொப்பியும் பேனாவும். வண்டி கிடக்கும் நிலையிலேயே நாற்புறமும் படம் எடுத்துக்கொள்க. எந்தக் கேபிள் எந்த வழியாகச் செல்கிறது, எந்த வாசர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்க. கழற்றிய நட்டுக்களைத் தனித்தனித் தகரப் பேணிகளில் இட்டுப் பெயர் எழுதி வைத்தல் நன்று. கழற்றும் நாளில் எல்லாம் நினைவில் நிற்பது போலவே தோன்றும். ஆறு மாதம் கழித்துப் பூட்டும் நாளிலேதான் அந்த ஏட்டின் மதிப்புத் தெரியும்.

அடுத்து, எந்திர இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் தேடிக் காண்க. எந்திரக் கூட்டிலும் சட்டத்தின் கழுத்துப் பகுதியை ஒட்டியும் அவை பொறிக்கப்பட்டிருத்தல் வழக்கம். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து வாசித்து, வாகனப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுக. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வண்டியின் அடையாளம் அப்பதிவிலேதான் இருக்கிறது. எந்திரத்தையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவையும் திருத்திக்கொள்ள வேண்டும். பொறித்த இலக்கத்தைத் தேய்ப்பதும், தெளிவாகத் தெரியவேண்டும் என்று மேலே மீண்டும் பொறிப்பதும் பெருந்தவறு. களவுப் பொருளோ என்னும் ஐயத்தை அது வரவழைக்கும்.

இலக்கத் தகடும் ஒரு சரித்திர ஏடேயாகும். பழைய தகடுகளிற் காணும் சீ.ஈ., சீ.எல்., ஈ.என்., ஈ.வை. என்னும் எழுத்திணைகள் ‘சிலோன்’ என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களிலிருந்து எடுக்கப்பட்டவை. 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகட்டில் இடம்பெறலாயிற்று. அதனை எதிர்த்துத் தமிழ் மக்கள் நடத்திய போராட்டம் 1958இல் உச்சம் கண்டதைப் பெரியோர் அறிவர். ஒரு சாண் தகரத்தில் ஒரு நாட்டின் மொழி வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அதன்மீது அழகுக்காகப் புது வண்ணம் பூசிவிட்டால் அந்த ஏடு கிழிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

திருகாணிக்கும் மரபு உண்டு

வீட்டில் வேலை தொடங்குவோர் முதலில் மோதிக்கொள்ளும் சுவர் திருகாணியே. இன்று கடையில் வாங்கும் ஸ்பெனர்கள் மில்லிமீற்றர் அளவில் அமைந்தவை. பழைய பிரித்தானிய வண்டிகளின் ஆணிகளோ வேறு மரபைச் சேர்ந்தவை. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளர் வகுத்த மரபில் திருகுப் பள்ளத்தின் கோணம் 55 பாகை. மில்லிமீற்றர் மரபிலோ அது 60 பாகை. விட்வேர்த் ஸ்பெனரின் மேல் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. ஆணித் தண்டின் பருமனையே குறிக்கும். இதனோடு, அங்குலத்துக்கு 26 புரி கொண்ட சைக்கிள் திருகு என்னும் மற்றொரு மரபும் அவ்வண்டிகளில் விரவி வரும்.

ஆகவே ‘ஏறக்குறையப் பொருந்துகிறது’ என்று மில்லிமீற்றர் ஸ்பெனரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். வேறு மரபு ஆணியை வலிந்து முறுக்கினால் அலுமினியக் கூட்டின் திருகே அழிந்துவிடும். விட்வேர்த் ஸ்பெனர் ஒரு தொகுதியைத் தேடிப் பெறுதல் முதற் செலவாயினும் அது வீண் செலவன்று. கொழும்புப் பஞ்சிகாவத்தையிற் பழைய இரும்புக் கடைகளை நிதானமாகச் சுற்றி வருவோர்க்கு இத்தகைய கருவி அகப்படுதலும் உண்டு.

இறுகிய ஆணியைச் சம்மட்டியால் அடிப்பதற்கு முன் எண்ணெய் இட்டு ஒரு நாள் பொறுத்திருப்பது மேல். பெற்றோல் ஆவி இல்லாத இடமாயின் அளவோடு சூடு காட்டலாம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரிவதால், அலுமினியக் கூட்டிற் புதைந்த இரும்பாணி அப்போது இளகிக் கொடுக்கும். பள்ளிக்கூடத்திற் படித்த விரிவுப் பாடம் கொட்டிலில் வந்து உதவுவது இவ்வாறே.

எந்திரத்தைத் திறக்கும்போது

நெடுநாள் கிடந்த எந்திரத்தை ஓங்கி உதைத்துப் பார்ப்பது எவர்க்கும் தோன்றும் ஆசை. அதனை அடக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் வளையங்கள் துருவினாற் சிலிண்டருடன் ஒட்டியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாட்கள் ஊற விடுக. பின்னர் கியரைப் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், ஒட்டியது விடுபடக் கூடும்.

எந்திரம் பிரிந்த பின் அளத்தலே தலையாய வேலை. சிலிண்டர் எங்கும் ஒரே அளவாய்த் தேய்வதில்லை. மேல் வளையம் சென்று திரும்பும் உச்சிப் பகுதியிலேதான் தேய்வு மிகுதி. ஆதலால் மேல், நடு, அடி என மூன்றிடத்திலும், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு முறையும் அளந்து எழுதுக. தேய்வு மிகுந்தாற் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்திப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு பெரிதான பிஸ்டன்கள் செய்யப்பட்டன. இங்கே ஒரு விதியை மறக்கலாகாது. பிஸ்டன் கையில் வந்து சேர்ந்து, அதனை அளந்த பின்பே சிலிண்டரைப் போர் செய்யக் கொடுக்க வேண்டும். முதலிற் கடைந்துவிட்டுப் பின்பு பிஸ்டன் தேடுவது, மணமகனைப் பாராமல் மோதிரம் செய்து வைப்பதைப் போன்றது.

புது வளையங்களையும் அப்படியே மாட்டிவிடலாகாது. வளையத்தைச் சிலிண்டருள் வைத்து அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வெளியைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். சிலிண்டரின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு, ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு அங்குலம் இடைவெளி விடுதல் பொது விதி. 70 மில்லிமீற்றர் விட்டமுள்ள எந்திரத்துக்கு அது ஆயிரத்தில் 8 முதல் 11 பங்காகும். இடைவெளி போதாதாயிற் சூட்டில் வளையம் நீண்டு முனைகள் முட்டிக்கொள்ளும். பின்பு சிலிண்டரையே கீறிவிடும்.

மக்னீற்றோ என்னும் மின்பொறிக் கருவியும் ஏமாற்றும் இயல்பினது. குளிர்ந்திருக்கையில் நன்றாகப் பொறி தந்து, மலை ஏறிச் சூடானதும் நின்றுவிடுவது அதன் முதுமை நோய். அதனுள் இருக்கும் மின்தேக்கி சூட்டில் தளர்வதும், சுருளைக் காக்கப் பூசிய அரக்கு இளகுவதும் இதற்குக் காரணங்கள். சுருளைப் புதிதாகச் சுற்றுவிப்பது தேர்ந்தவர்க்கே உரிய வேலை. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வேன் என்னும் பிடிவாதம் ஆகாது. சிலிண்டர் கடைதல், சுருள் சுற்றல், சட்டத்துக்கு ஒட்டு வைத்தல் ஆகிய மூன்றையும் தக்க தொழிலாளரிடம் ஒப்படைத்தலே முறை.

சென்னை தந்த உதவி

உதிரிப் பாகங்களுக்கு எங்கே செல்வது என்பது அடுத்த கேள்வி. இவ்வகையில் றோயல் என்பீல்ட் வைத்திருப்போர் நல்லூழ் உடையவர்கள். அதன் கதை தமிழராகிய நமக்குச் சுவை தருவது.

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1901 முதல் மோட்டார் சைக்கிள் செய்து வந்த நிறுவனம் அது. 1949இல் விற்பனைக்கு வந்த அதன் 350 புல்லட், 70 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் ஓட்டமும் கொண்ட 346 கன சென்ரிமீற்றர் எந்திரம் உடையது. இந்தியப் படைக்கு அவ்வண்டிகள் தேவைப்பட்டமையால், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்னும் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் என்பீல்ட் இந்தியா தோன்றிற்று. திருவொற்றியூரில் வண்டிகள் உருவாகத் தொடங்கின. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. 1970இற் பிரித்தானியத் தாய் நிறுவனமும் மறைந்தது. சென்னையிற் பிறந்த பிள்ளையோ வாழ்ந்தது. 1950களின் அந்த எந்திர அமைப்பைப் பெரிதும் மாற்றாமல் 2000களின் இறுதிவரை செய்து வந்தது. இதனால் உலகில் வேறெந்தப் பழைய பிரித்தானிய வண்டிக்கும் எளிதில் வாய்க்காத வசதி புல்லட்டுக்கு வாய்த்தது. தாய் நாட்டில் தொழிற்சாலை மூடிய பின்னும், கடல் கடந்த மற்றொரு நகரில் அதன் பாகங்கள் வார்க்கப்பட்டு வந்தன.

எனினும் ‘புல்லட்டுக்கு என்று எழுதியிருக்கிறது, பொருந்தும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. ரெடிச்சிலே பிற்காலத்திற் செய்த மாறுதல்கள் பல சென்னைக்கு வரவில்லை. சென்னையிற் பின்னர் செய்த மாறுதல்களும் ரெடிச் வண்டியில் இல்லை. சென்னைப் பாகங்கள் 1950களின் முற்பகுதி வண்டிகளோடுதான் மிக நெருங்கி உறவு கொண்டாடும். ஆகவே பழைய பாகத்தை எறியாமல் எடுத்துச் சென்று, புதியதின் அருகில் வைத்து, நீளம், விட்டம், திருகு மூன்றையும் ஒப்பிட்டு வாங்குக. பழைய உடைந்த பாகமே நம்பத்தக்க மாதிரி. புதியது பொருந்தி, ஓடி, சூடேறி, ஆறிய பின்பே பழையதற்கு விடை கொடுக்கலாம்.

பீ.எஸ்.ஏ., நோர்ட்டன் முதலியவற்றுக்குப் பாகங்கள் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் சிறு பட்டறைகளிற் செய்யப்படுகின்றன. விலையோடு கப்பற் செலவும் தீர்வையும் சேர்வதால், எதனை வரவழைப்பது, எதனை உள்ளூர் லேத்துப் பட்டறையிற் கடைவிப்பது என்று ஆலோசித்தல் வேண்டும். வெண்கலப் புஷ், அச்சாணி, இடைவெளி வளையம் போன்றவற்றைத் தேர்ந்த கடைச்சற்காரர் ஒருவர் மாதிரி பார்த்தே செய்து தருவார். பற்சக்கரம், வால்வு, இணைப்புத் தண்டு போன்றவற்றின் உருக்கும் பதமும் கண்ணாற் கண்டு அறியத்தக்கன அல்ல. அவற்றை நம்பிக்கையான இடத்தில் வாங்குதலே அறிவு.

உயிரோடு விளையாடலாகாது

இனி, தயக்கமின்றி மாற்ற வேண்டியவற்றைச் சொல்வோம். மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மலைக்கோ, உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கோ ஏறி இறங்கியவர்கள் அப்பாதைகளின் வளைவுகளை அறிவார்கள். மழை நாளில் அவ்விறக்கத்திற் பிறேக்கும் டயருமே உயிர்க்காவல். இங்கே பழமைப் பற்றுக்குச் சிறிதும் இடமில்லை.

டயர் பார்வைக்குப் புதிதாயிருப்பினும் வயது முதிர்ந்தால் றப்பர் இறுகி வெடிக்கும். 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. ‘2319’ எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். வாங்குமுன் வாசித்துப் பார்க்க. டயர், ரியூப், பிறேக் லைனிங், பிறேக் கேபிள், கிளச்சுக் கேபிள், பெற்றோற் குழாய், மின்கம்பிகள் ஆகிய யாவும் புதியனவாயிருத்தல் வேண்டும். சுண்டெலி கடித்த கம்பிக்கு ஒட்டுப் போடுவது சிக்கனமன்று, தீக்கு அழைப்பு. பற்றரி இணைக்குமுன் மற்றொன்றையும் கவனிக்க. அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிற் பற்றரியின் நேர் முனையே சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்கால வழக்கம் இதற்கு நேர்மாறு.

பழைய பிறேக் லைனிங்குகளிற் கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசு நுரையீரலிற் புகுந்தால் பல்லாண்டு கழித்தும் கொடிய நோய் தரும். ஆதலால் பிறேக் கூட்டைத் திறந்ததும் வாயால் ஊதுவதோ காற்றுக் குழாயாற் பீச்சுவதோ கூடாது. நனைந்த துணியால் துடைத்து, அத்துணியைப் பையிற் கட்டி அப்புறப்படுத்துக. அவ்வேளையிற் சிறுவர்களை அருகே விடாதீர்கள்.

பெற்றோல் தாங்கியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. காலியான தாங்கிதான் நிறைந்த தாங்கியைக் காட்டிலும் ஆபத்தானது. திரவம் போயினும் ஆவி தங்கியிருக்கும். அதனோடு வெல்டிங் செய்ய முற்பட்டால் தாங்கி வெடிகுண்டாகும். ஓட்டை அடைப்பதைத் தொழில் தெரிந்தவரிடமே விடுக. உட்புறத் துருவை நீக்குதல் வீட்டிலே செய்யக் கூடியது. தாங்கியைப் பலமுறை கழுவி, வினாகிரி நிரப்பிச் சில நாட்கள் ஊற வைத்து, சிறு நட்டுக்களை இட்டுக் குலுக்கி, அப்பச் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசினால் துரு பெரும்பாலும் நீங்கும். பித்தளைப் பாகங்களுக்கு அடுக்களைப் பழப்புளியே போதும்.

எல்லாம் முடிந்து முதன்முறை ஓட்டுபவர்க்கும் ஒரு சொல். யப்பானிய வண்டிகளில் இடது காலிற் கியரும் வலது காலிற் பிறேக்கும் இருக்கும். பழைய பிரித்தானிய வண்டிகளில் வலது காலிற் கியர், இடது காலிற் பிறேக். மாடு குறுக்கே வந்தால், புத்தி சிந்திக்குமுன் கால் தன் பழக்கப்படியே மிதிக்கும். அக்கணத்திற் பிறேக்குக்குப் பதில் கியரை மிதித்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சன நடமாட்டமில்லாத வெளியிற் பல நாட்கள் பழகிய பின்பே வீதிக்கு வருதல் வேண்டும்.

நாலந்தை காட்டும் பாடம்

மாற்ற வேண்டியவை இவை. மாற்றலாகாதவை எவை? இதற்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வழியில் நாலந்தா கெடிகே என்னும் கற்றளி உண்டு. பல்லவர் காலத் தென்னிந்தியக் கட்டடக் கலையும் பௌத்தமும் கைகோத்து நிற்கும் அரிய கோயில் அது. மகாவலித் திட்டத்தின் போவதென்னை நீர்த்தேக்கம் அவ்விடத்தை மூழ்கடிக்க வந்தபோது, 20ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில், அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, நீர் எட்டாத மேட்டில் மீண்டும் அடுக்கினார்கள். அவர்கள் நினைத்திருந்தால் புதுக் கல்லிற் புதுக் கோயிலே எழுப்பியிருக்கலாம். எழுப்பியிருந்தால் நாம் இன்று அங்கே சென்று காண்பதற்கு என்ன இருக்கும்? சிற்பியின் உளி பட்ட அந்தக் கல்லே கோயில்.

இக்கொள்கையை உலகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பழங் கட்டடங்களைப் பேணுவதற்கு 1964இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் வகுத்தார்கள். ஊகத்தின் மேற் புதுப்பிக்கலாகாது. புதிதாகச் சேர்த்தது எது என்று தெரியும்படி இருக்கவேண்டும் என்பன அதன் சாரம். பழைய வாகனங்களுக்கும் அவ்வாறே ஒரு நெறியைச் சர்வதேசப் பழம் வாகனச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்டது. தூரின் சாசனம் என்பது அதன் பெயர். மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளம் இடுமாறு அது ஆலோசனை கூறுகின்றது. வீட்டுக் கொட்டிலிலும் இதனைச் செய்வது எளிது. புதிதாகப் போட்ட பாகத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தில், பொருத்திய ஆண்டைச் சிறிதாகப் பொறித்து வைத்தால் போதும். நாளை இவ்வண்டியைத் திறக்கும் பேரப் பிள்ளைக்கு எது பாட்டன் காலத்தது, எது தந்தை மாற்றியது என்பது விளங்கும்.

ஆகவே சட்டம், எந்திரக் கூடு, இலக்கங்கள், பெற்றோல் தாங்கி, கைப்பிடி, இலக்கத் தகடு ஆகியவற்றை இயன்றவரை காக்க. பழைய வண்ணம் மங்கியிருப்பினும், அது இரும்பைக் காத்து நிற்குமாயின் சுரண்டாதீர்கள். தாங்கியின் இருபுறமும் முழங்கால் உரசி வண்ணம் தேய்ந்த இடம் ஒரு மனிதர் பல்லாண்டு ஏறிச் சென்றதன் அடையாளம். எந்தக் கடையிலும் அதனை விலைக்கு வாங்க முடியாது. துரு அரித்து வலுவிழந்த பாகம் மாத்திரம் இதற்கு விலக்கு. வெடித்த சட்டத்தை ஞாபகச் சின்னமாகச் சுவரில் மாட்டலாம். அதன் மேல் ஏறி மலை இறங்கலாகாது. அடையாளமும் உயிரும் எதிர்ப்பட்டால் உயிரே முந்த வேண்டும். அடையாளமும் வெறும் பளபளப்பும் எதிர்ப்பட்டால் அடையாளமே முந்த வேண்டும்.

வீடே தொழிற்பள்ளி

மாணவர்க்கு இதனினும் நல்ல பள்ளி ஏது? அளவையும் விரிவும் உராய்வும் மின்சாரமும் இங்கே கையிற் பிடித்துப் பார்க்கும் பொருள்களாகின்றன. ஒரு கோணத்தின் ஐந்து பாகை வேறுபாட்டால் ஒரு நட்டு ஏறாது நிற்பதைக் கண்ட மாணவன் கேத்திர கணிதத்தை இலகுவில் மறவான். பாகங்களைக் குறிக்கும் ஏட்டைத் தங்கை எழுதலாம்; கிழிந்த ஆசனத் தோலைத் தாயார் தைத்துக் கொடுக்கலாம்; வண்டி எந்த ஆண்டில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதைப் பாட்டனார் சொல்லலாம். அச்செய்திகளையும் அந்த ஏட்டிலேயே எழுதி வைத்தல் வேண்டும். உதிரிப் பாகம் எங்கேனும் கிடைக்கும். முதியோர் நினைவு அவரோடு போய்விடும்.

செலவைப் பற்றியும் உள்ளபடி சொல்வது நம் கடமை. இலாபம் கருதி இவ்வேலையில் இறங்குவோர் ஏமாறக் கூடும். மாதந்தோறும் ஒதுக்கக் கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, பிறேக்கும் டயரும் முன்னும், வண்ணமும் மினுக்கமும் பின்னுமாக வரிசைப்படுத்திக்கொண்டால் குடும்பத்துக்குப் பாரமாகாது. ஆண்டு இரண்டு ஆனாலும் ஆகட்டும். மழைக்காலத்தில் வண்டிக்கு ஒரு கூரையும் கழற்றிய பாகங்களுக்கு ஓர் எண்ணெய்ப் பூச்சும் இருந்தாற் போதும், அவை காத்திருக்கும்.

நம் கொட்டில்களிற் கிடப்பவை ஒவ்வோராண்டும் சிறிது சிறிதாகத் துருவாகிக் கொண்டிருக்கின்றன. பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் நின்று நிறுத்துக் காசு தருவார். அவருடைய தராசில் இரும்பின் எடை தெரியுமேயன்றி அதன் வரலாறு தெரியாது. வாசலில் அவர் குரல் கேட்கும் முன்னே, இந்த விடுமுறையிலேயே, வீட்டுப் பிள்ளைகள் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குட் செல்வார்களாக. முதற் பக்கத்தில் எழுத வேண்டியது அந்த எந்திர இலக்கத்தையே.